கிராமத்து ரயில்வே ஸ்டேஷன்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பணிமாற்றல் கிடைத்தோ, கல்யாணமாகியோ, விவசாயம் பார்க்கத் திரும்பியோ ஒரு கிராமத்துக்குக் குடிவருபவர்கள் முதலில் பஸ் நேரத்தைத்தான் விசாரிக்கிறார்கள். ஊருக்கு வெளியே சீமைக்கருவேலத்துக்கு நடுவில் மஞ்சள் பலகையோடு ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருப்பது கண்ணில் பட்டாலும், "இங்கெல்லாம் எந்த வண்டி நிற்கப்போகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். நிற்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றாவது பெரும்பாலான இடங்களில் நிற்கிறது. பாசஞ்சர் வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 10 ரூபாய்தான்.

ஆனால் பெரிய ஜங்ஷனில் பழகிய பழக்கத்தோடு இங்கே வந்தால் தடுமாற வேண்டியிருக்கும். விசாரணைக் கவுன்ட்டர் இருக்காது, ஒலிபெருக்கி அறிவிப்பு இருக்காது, சில இடங்களில் டிக்கெட் கொடுக்கவே ஆள் இருக்காது. அந்த இடத்தில் எதற்காக ஸ்டேஷன் வைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால், அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதும் தானாகப் பிடிபடும். அதனால் வரலாற்றையும் வசதிகளையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சின்ன ஸ்டேஷன்களை மனத்தில் வைத்துத்தான்.

முதல் வேலை: எந்த வகை ஸ்டேஷன் என்று பார்ப்பது

வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து ஒருமுறை ஸ்டேஷனுக்கு நடந்து போய் வாருங்கள். பிளாட்பாரத்தில் நின்று எதிரே எத்தனை பாதை ஓடுகிறது என்று எண்ணுங்கள். வந்த பாதை அப்படியே ஒரே பாதையாக ஓடி, ஒரு சின்ன அறையும் நிழலுக்கு ஒரு கூரையும் மட்டும் இருந்தால் அது ஹால்ட். பாதை இரண்டாக, மூன்றாகப் பிரிந்து, இரண்டு கோடியிலும் சிக்னல் இருந்து, ஸ்டேஷன் மாஸ்டர் அறையும் இருந்தால் அது கிராசிங் ஸ்டேஷன். இரட்டைப் பாதை ஓடும் பகுதியில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் அறை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் பல தடங்கள் இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஒதுங்கி நின்றால்தான் மற்றது போக முடியும். அப்படி ஒதுங்குவதற்காகவே சில கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் வைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஊர் பெரிதாக இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். சுற்றிலும் வீடே இல்லாத பொட்டலில் ஒரு ஸ்டேஷன் இருந்தால், பெரும்பாலும் காரணம் இதுதான். கரி எஞ்சின் காலத்தில் தண்ணீர் பிடிக்கவும் வண்டி நின்றாக வேண்டும். சில பழைய ஸ்டேஷன்களில் பிளாட்பாரக் கோடியில் யானைத் தும்பிக்கை போல வளைந்த ஓர் இரும்புக் குழாய் இன்னும் நிற்பதைப் பார்க்கலாம். எஞ்சினுக்குத் தண்ணீர் விட்ட குழாய் அது.

கிராசிங் ஸ்டேஷனில் வண்டி ஓடும் நேரமெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் பணியில் இருப்பார். சின்ன இடமென்றால் டிக்கெட் கொடுப்பதும் பல நேரம் அவரே. அவரிடம் எப்போது பேசுவது என்பதைப் புதிதாக வருபவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வண்டி வருமுன் அவர் அடுத்த ஸ்டேஷனோடு பேசி லைன் வாங்குவார், அதாவது வண்டியை விட ஒப்புதல் வாங்குவார். பிறகு வழியில் உள்ள லெவல் கிராசிங் கேட்டுக்குப் போன் போட்டு வண்டி வருவதைச் சொல்வார். கேட்கீப்பர் கேட்டைப் பூட்டிவிட்டு ஓர் எண்ணைச் சொல்வார். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் சிக்னல் விழும். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எண்களைச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் கையை நீட்டி, "சார், ஒரு மதுரை" என்று கேட்காதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் அவரே நிமிர்ந்து பார்ப்பார். வண்டி இல்லாத நேரத்தில் போனால் நிதானமாகப் பேசுவார்கள். எந்த வண்டி வழக்கமாகத் தாமதம், எது ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்பதையெல்லாம் அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

ஹால்ட்டில் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. வண்டியை நிறுத்திக் கிளப்புவது ஓட்டுநரும் கார்டும்தான். கார்டு என்று நாம் சொல்பவரின் பதவிப் பெயர் 2022 முதல் டிரெயின் மேனேஜர் என்று மாறியிருக்கிறது. டிக்கெட் விற்க உள்ளூர்க்காரர் ஒருவரைக் கமிஷன் அடிப்படையில் ஏஜெண்டாக வைத்திருப்பார்கள். வண்டிக்குக் கொஞ்ச நேரம் முன்புதான் அவர் வருவார், வண்டி போனதும் பூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் வரும் நேரத்தைப் பக்கத்து டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் பலகையைப் படியுங்கள்

பிளாட்பாரத்தின் இரு கோடியிலும் நிற்கும் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் தமிழில் மேலேயும், பிறகு இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கீழே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று மீட்டரில் எழுதியிருப்பார்கள். பாதை போட்ட பொறியாளர்களுக்கு ஏற்ற இறக்கக் கணக்குக்காகத் தேவைப்பட்டது அது.

நமக்கு அதைவிட முக்கியம் ஸ்டேஷன் கோடு. ஒன்று முதல் நான்கைந்து வரையான ஆங்கில எழுத்துகளில் இருக்கும். டிக்கெட்டிலும் செயலியிலும் இந்தக் கோடுதான் அடையாளம். தமிழ்நாட்டில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ரயில்வே பட்டியலில் எழுத்துக்கூட்டலும் நாம் நினைப்பது போல இருக்காது. கோடைக் குறித்துவைத்துக்கொண்டால் தவறான ஊருக்கு டிக்கெட் எடுக்கும் வேலை இல்லை. மாறிப்போன ஊர்ப்பெயர்களும் கோடுகளில் தங்கியிருக்கின்றன. திருச்சிக்கு டி.பி.ஜே., மயிலாடுதுறைக்கு எம்.வி. என்று இருப்பது ட்ரிச்சினாப்பள்ளி, மாயவரம் என்ற பழைய பெயர்களால்தான்.

பெயரின் கடைசியில் 'ரோடு' என்று இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த ஊருக்குப் போகும் சாலை அங்கே தொடங்குகிறது, ஊர் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் இருப்பது அம்மையநாயக்கனூரில். கொடைக்கானலுக்கு அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் மலையேற வேண்டும்.

எந்த வண்டி நிற்கும் என்று கண்டுபிடிப்பது

ஸ்டேஷன் சுவரில் கால அட்டவணை எழுதியிருப்பார்கள். அது பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம். வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியிலோ இணையதளத்திலோ ஸ்டேஷன் கோடைக் கொடுத்தால் அடுத்த சில மணி நேரத்தில் வரும் வண்டிகள் தெரியும். இணைய வசதி இல்லாத இடத்தில் 139-க்குப் போன் செய்து கேட்கலாம். புகாருக்கும் ஆபத்துக்கும்கூட அதே எண்தான். நேரமெல்லாம் 24 மணி முறையில் இருக்கும். நள்ளிரவு 00.10 வண்டி என்றால் முதல் நாள் ராத்திரியே கிளம்ப வேண்டும் என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள்.

வண்டி எண்ணின் முதல் இலக்கமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 5-ல் தொடங்கினால் பாசஞ்சர், 6 என்றால் மெமு (மின்சாரத்தில் ஓடும் பாசஞ்சர்), 7 என்றால் டெமு (டீசலில் ஓடுவது). 1, 2 என்றால் எக்ஸ்பிரஸ் வகை. 0 என்றால் சிறப்பு ரயில். அது கொஞ்ச காலத்துக்கு ஓடிவிட்டு நின்றுபோகலாம், கட்டணமும் கூடுதலாக இருக்கலாம். சின்ன ஸ்டேஷனில் உங்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 5, 6, 7 வண்டிகள்.

தண்டவாளப் பராமரிப்பு நடக்கும்போது முதலில் கைவைப்பதும் இந்த வண்டிகளில்தான். முழு ரத்து ஒரு வகை. பாதி வழியோடு நிறுத்திவிடும் 'பகுதி ரத்து' இன்னொரு வகை; அட்டவணையைப் பார்த்தால் வண்டி ஓடுவது போலவே தெரியும், உங்கள் ஊர் வரை வராது. கோட்ட அலுவலகம் இதை முன்கூட்டியே அறிவித்துவிடும், நாளிதழின் மாவட்டப் பக்கத்திலும் வரும். முக்கியமான பயணமென்றால் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

நேரம் பற்றி இன்னொன்று. ஒற்றைப் பாதையில் பாசஞ்சர் வண்டி, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு எங்காவது காத்துக்கிடக்கும். இருபது நிமிடத் தாமதத்துக்கு மனத்தளவில் தயாராக இருங்கள். அதற்காக வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பிவிடாதீர்கள். இங்கே வண்டி நிற்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு.

டிக்கெட்

சின்ன ஸ்டேஷனில் பயணம் என்றால் பெரும்பாலும் முன்பதிவில்லாப் பயணம்தான். 199 கிலோமீட்டர் வரையான தூரத்துக்கு அன்றைய டிக்கெட் அன்றே எடுக்க வேண்டும். எடுத்த மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் அடுத்த வண்டி புறப்படும் வரை, பயணத்தைத் தொடங்க வேண்டும். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் மூன்று நாள் முன்பே எடுக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் அரை டிக்கெட். வழியனுப்ப வருபவருக்குப் பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும்.

கவனிக்க வேண்டியது, ஆர்டினரி, எக்ஸ்பிரஸ் வேறுபாடு. ஒரே ஊருக்கு இரண்டு கட்டணம் உண்டு. பாசஞ்சர், மெமு, டெமுவுக்கு ஆர்டினரி. குறைந்தபட்சம் 10 ரூபாய். எக்ஸ்பிரஸில் ஏறினால் குறைந்தபட்சமே 30 ரூபாய். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் இரண்டாம் வகுப்புக்கு இன்னும் 15 ரூபாய். ஆர்டினரி டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டால் அது செல்லாது. பரிசோதகர் வந்தால் கட்டண வித்தியாசத்தோடு குறைந்தபட்சம் 250 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும். எனவே கவுன்ட்டரில் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லாமல் எந்த வண்டி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செல்போனில் எடுப்பது இன்னும் சுலபம். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியில் முன்பதிவில்லா டிக்கெட், பிளாட்பாரம் டிக்கெட், முன்பதிவு மூன்றும் இருக்கின்றன. காகிதமில்லா டிக்கெட்டைப் பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு எடுக்க விடாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். சிக்னல் கிடைக்காத ஸ்டேஷன்களுக்கு அதுவே வசதி. பரிசோதகரிடம் செயலிக்குள்தான் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹால்ட்டில் ஏஜெண்ட் வரவில்லை, போனும் கைகொடுக்கவில்லை என்றால் என்ன செய்வது? பேசாமல் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாது. வண்டி நின்றதும் கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டிடம் போய், டிக்கெட் கொடுக்க ஆளில்லை, கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறேன் என்று சொல்லி அனுமதிச் சான்று கேளுங்கள். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 55-வது பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. அப்படிச் சான்று வாங்கியவரிடம் கட்டணத்தை வசூலிக்கலாம், அபராதம் போட மாட்டார்கள். வண்டி நிற்பதே ஒரு நிமிடம் என்பதால் கார்டு பெட்டி நிற்கும் கோடியிலேயே முன்கூட்டி நின்றுகொள்வது நல்லது.

தினமும் போய்வருபவர்கள் மாதச் சீட்டு எடுத்துவிடுங்கள். 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும். பக்கத்து டவுனில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், மில் தொழிலாளர்கள், கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிக்கனமான பயணம் இல்லை. மூன்று மாதச் சீட்டும் உண்டு. மாதச் சீட்டைப் போல 2.7 மடங்கு விலை. முன்பதிவுப் பெட்டிகளில் இது செல்லாது.

தூரப் பயணத்துக்கு முன்பதிவு வேண்டுமென்றால் சின்ன ஸ்டேஷனில் அந்தக் கவுன்ட்டர் இருக்காது. ஆன்லைனில் எடுங்கள், அல்லது பக்கத்து ஜங்ஷனுக்குப் போங்கள். சில அஞ்சலகங்களிலும் முன்பதிவு செய்து தருகிறார்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

ஜங்ஷனில் பெட்டி வாசலுக்கும் பிளாட்பாரத்துக்கும் உயர வித்தியாசம் குறைவாக இருக்கும். கிராமத்தில் அப்படி எதிர்பார்க்க முடியாது. பல ஹால்ட்டுகளில் பிளாட்பாரம் என்பது தண்டவாள மட்டத்துக்குக் கொட்டிச் சமன் செய்த மண்தான். அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் தரை உங்கள் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். இரும்புப் படி மூன்று இருக்கும், முதல் படியே முழங்காலுக்கு மேலே. இரண்டு கைப்பிடிக் கம்பியையும் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். எனவே மூட்டையைத் தலையிலோ கையிலோ வைத்துக்கொண்டு ஏறப் பார்க்காதீர்கள். ஒருவர் முதலில் ஏறி, கீழே இருப்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். வயதானவர்களோடு போனால், பின்னாலிருந்து தாங்க ஒருவர், மேலிருந்து கைகொடுக்க ஒருவர் வேண்டும். உள்ளே இருப்பவர்களிடம் "கொஞ்சம் கை கொடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். இந்த வண்டிகளில் அது தினமும் நடப்பதுதான். இறங்கும்போது பெட்டியைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவது போலப் பின்புறமாக இறங்குங்கள். வயதானவர்களுக்கும் சேலை கட்டியவர்களுக்கும் இதுதான் பாதுகாப்பு.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். எக்ஸ்பிரஸ் வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டிகள் வழக்கமாக எஞ்சினை ஒட்டியும் கடைசியிலும் இருக்கும். சின்ன ஸ்டேஷனின் பிளாட்பாரம் நீளம் குறைவு. இருபது பெட்டி வண்டி வந்தால் இரு கோடிப் பெட்டிகளும் பிளாட்பாரத்துக்கு வெளியே, ஜல்லி மேல் நிற்கும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முன்பே ஸ்டேஷனில் பாதை மாற்றிவிடும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேனிடம் கேட்டு அங்கே போய் நின்றுவிடுங்கள். வண்டி வந்த பிறகு ஓடினால் ஒரு நிமிடத்தில் முடியாது. மெமுவுக்கு இந்தக் கவலை இல்லை, எந்தப் பெட்டியிலும் ஏறலாம்.

கிராசிங் ஸ்டேஷனில் "நேற்று இந்தப் பக்கம்தானே வந்தது" என்று நிற்க வேண்டாம். எதிர்வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எந்த லைனிலும் வாங்குவார்கள். இரண்டு வண்டியும் சேர்ந்து நிற்கும்போது அந்தப் பக்கம் போக, நிற்கும் வண்டிக்கு அடியில் குனிந்து நுழைபவர்களைப் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள். ஒதுங்கி நிற்கும் வண்டிக்குச் சிக்னல் விழுந்த நொடியே அது நகரும். நடை மேம்பாலம் இல்லாத இடமென்றால், எந்த லைனில் வருகிறது என்று கேட்டுக்கொண்டு முன்பே அந்தப் பக்கம் போய்விடுவதுதான் வழி. தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டமும் இருக்கிறது.

பாதையை மின்மயமாக்கிய இடங்களில் மேலே போகும் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். தண்டவாள ஓரத்துப் புளியமரத்திலும் முருங்கையிலும் இரும்புத் தொரட்டியை நீட்டிப் பறிக்கும் பழக்கம் ஊரில் இருந்தால் கட்டாயம் தடுத்துச் சொல்லுங்கள். மின்சார எஞ்சின் டீசல் எஞ்சின் மாதிரி தூரத்திலேயே சத்தம் கேட்க வராது என்பதையும் ஆடு மேய்ப்பவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். கழிவறை இருந்தாலும் பூட்டியிருக்கலாம், சாவி ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இருக்கும். பொருள் வைப்பறை, ஓய்வறை கிடையாது. ஹால்ட்டில் பார்சல் போட முடியாது. இரண்டாம் வகுப்பில் கையோடு கொண்டுபோக 35 கிலோ வரை இலவசம். ராத்திரி இறங்குபவர்கள் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், வரும் ஆட்டோவுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

உங்கள் ஸ்டேஷனின் வரலாற்றைத் தேடுவது

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஒரு கிராமத்தின் நூறு ஆண்டு வியாபாரமும் இடப்பெயர்வும் அந்தச் சின்னக் கட்டடத்தின் வழியாகத்தான் நடந்திருக்கின்றன. ஆனால் அதை எழுதிவைத்தவர்கள் குறைவு.

முதலில் பாதை எப்போது வந்தது என்று பாருங்கள். தென்னிந்தியாவில் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1861, 1862-ல் பாதை வந்தது. 1874-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி உருவானது. அடுத்த ஆண்டு மதுரைக்கும் 1876-ல் தூத்துக்குடிக்கும் ரயில் போனது. பாம்பன் பாலம் 1914. எல்லாப் பாதையையும் கம்பெனியே போட்டுவிடவில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலத்தின் மேல் ஒரு சிறு வரி போட்டு வசூலித்த பணத்தில்தான் மாயவரம்–முத்துப்பேட்டை பாதை 1894-ல் திறக்கப்பட்டது. அந்தத் தடத்தில் உள்ள ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனிலும் நம் குடியானவர்களின் பணம் இருக்கிறது. 1951 ஏப்ரல் 14-ல் தென்னிந்திய ரயில்வேயும் வேறு இரண்டு ரயில்வேக்களும் இணைந்து தெற்கு ரயில்வே ஆனது.

பாதை திறந்த ஆண்டையே ஸ்டேஷன் திறந்த ஆண்டு என்று எழுதிவிடாதீர்கள். பாதை வந்து பல ஆண்டு கழித்துக் கிராசிங்குக்காகவோ ஊர்க்காரர்கள் கேட்டோ சேர்த்த ஸ்டேஷன்கள் நிறைய. இடையில் மூடித் திறந்தவையும் உண்டு. மதுரை–போடி பாதை 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பப் போட்டார்கள். அகலப் பாதையாக்க 2010 கடைசியில் மறுபடியும் மூடி, போடிக்கு ரயில் திரும்ப வந்தது 2023 ஜூன் 15-ல். ஒரு மீட்டர் அகலத்திலிருந்து 1,676 மில்லிமீட்டருக்கு மாறிய இந்த வேலை 1992-க்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் நடந்தது. மாறும்போது பல கிராசிங் ஸ்டேஷன்கள் ஹால்ட் ஆயின, சில காணாமலே போயின. திருவாரூர்–காரைக்குடி தடத்தில் 2019-ல் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது போதிய கேட்கீப்பர்கள் இல்லாமல், வண்டியிலேயே கேட்கீப்பர்களை ஏற்றிச் சென்று, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கிப் பூட்டித் திறந்துகொண்டு போனார்கள். உங்கள் தடத்திலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

அப்புறம் கட்டடத்தைப் பாருங்கள். வேலிக் கம்பமாகவும் கூரையைத் தாங்கும் தூணாகவும் பழைய தண்டவாளத் துண்டுகளை நட்டிருப்பார்கள். அதன் நடுப்பட்டையில் கையை வைத்துத் தடவினால் புடைத்த எழுத்துகள் படும். எந்த ஆலை, எந்த ஆண்டு, எவ்வளவு எடை என்று ஆலையில் உருட்டித் தயாரிக்கும்போதே பொறித்தவை அவை. பெயின்டுக்கு மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெளிவாக விழும். பழைய பெஞ்சு, மணி, அலமாரியில் தென்னிந்திய ரயில்வேயைக் குறிக்கும் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்து இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கூரையில் மங்களூர் ஓடு இருந்து அதில் 1865 என்று இருந்தால் அவசரப்பட வேண்டாம். பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. பிற்காலத்தில் செய்த ஓட்டிலும் அதையே அச்சிட்டார்கள். ஸ்டேஷனுக்குள் படம் எடுக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழைய வரைபடம் வேண்டுமென்றால், 1950-களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு வெளியிட்ட இந்திய வரைபடங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. திருச்சியிலும் பெரம்பூரிலும் உள்ள ரயில் அருங்காட்சியகங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கையில் கிடைக்கும் பழைய பொருள் என்ன என்று அடையாளம் காண அது உதவும்.

எல்லாவற்றையும்விட விலைமதிப்புள்ளது ஊர்ப் பெரியவர்களின் நினைவு. தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்தவர்கள், ஸ்டேஷனில் பூ விற்றவர்கள், நெல் மூட்டை ஏற்றியவர்கள் வீட்டில் கேளுங்கள். "எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டால் பதில் வராது. "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் வரும், அந்தப் புயல் 1964 டிசம்பர். "கரி எஞ்சின் இருந்தப்பவா, சின்ன லைன் இருந்தப்பவா?" என்று கேட்டாலும் காலம் ஓரளவு பிடிபடும் (பழைய மீட்டர் அகலப் பாதையைத்தான் சின்ன லைன் என்பார்கள்). இங்கிருந்து என்ன ஏற்றினார்கள் என்று மறக்காமல் கேளுங்கள். அகஸ்தியம்பள்ளிக்குப் பாதை போனதற்கு வேதாரண்யத்து உப்பு ஒரு முக்கியக் காரணம். உங்கள் ஊரில் அது பருத்தியோ வெற்றிலையோ கருவாடோ சுண்ணாம்புக்கல்லோ ஆக இருக்கலாம். இரண்டு பேர் தனித்தனியாக ஒன்றையே சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், ஒருவர் மட்டும் சொன்னால் யார் சொன்னது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

நிறுத்தம் கேட்பது, இருப்பதைக் காப்பது

சின்ன ஸ்டேஷனை ரயில்வே பார்ப்பது டிக்கெட் விற்பனைக் கணக்கில்தான். ஊரில் நூறு பேர் தினமும் ஏறினாலும், பாதிப் பேர் டிக்கெட் எடுக்காமலோ பக்கத்து ஜங்ஷனிலிருந்து எடுத்தோ போனால் கணக்கில் ஐம்பதுதான். செயலியில் எடுத்தாலும் புறப்படும் இடமாக உங்கள் ஸ்டேஷனையே போடுங்கள்.

புது நிறுத்தம் வேண்டுமென்றால் கோட்ட ரயில்வே மேலாளருக்கு மனு எழுத வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி சென்னை, திருச்சி, மதுரை, சேலம் கோட்டங்களில் வருகிறது. எல்லையோரத் தடங்கள் சில பாலக்காடு, திருவனந்தபுரம் கோட்டங்களில் இருக்கின்றன. எந்தக் கோட்டம் என்பதை ஸ்டேஷனில் கேட்டுவிட்டு எழுதுங்கள். "எல்லா வண்டியும் நிற்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே ஒரு வண்டி எண்ணைக் குறிப்பிட்டு, முன்னும் பின்னும் அது எங்கே நிற்கிறது, எத்தனை கிராமம் பயன்பெறும், பள்ளி, ஆஸ்பத்திரி, சந்தைக்கு யார் யார் போவார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நகலை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள்.

மனுவுக்கு ஆதாரமாக, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் ஸ்டேஷனின் மாதவாரி டிக்கெட் விற்பனையைக் கேட்டு வாங்குங்கள். திறப்புத் தேதியையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடலாம். பதில் 30 நாளில் வர வேண்டும். அந்தப் பதிலின் நகலை மனுவோடு இணைத்து அனுப்புங்கள். கேட்ட நிறுத்தம் கிடைத்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில்தான் கொடுப்பார்கள், பிறகு வருமானத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். அந்த ஆறு மாதமும் ஊரில் யார் அந்த வண்டியில் ஏறினாலும் அந்த ஸ்டேஷனிலிருந்தே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கோயில் கமிட்டியிலும் பள்ளியிலும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.